6 மாசம் காரை நிறுத்தி வைக்கப் போறீங்களா? கார் நின்னாலும் செலவு நிக்காது!



கம்பெனியில 6 மாசம் ஆன்சைட் கிடைச்சிருக்கு. இல்லன்னா வேற ஊருக்கு ப்ராஜெக்ட் மாத்திட்டாங்க. இல்லன்னா பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போறீங்க. எதுவா இருந்தாலும் ஒரு கேள்வி வரும்: "காரை என்ன பண்றது?"

பெரும்பாலும் நம்ம ஆளுங்க செய்யறது என்ன? ஒரு கவர் வாங்கி மூடிட்டு, சாவியை மச்சான் கையில கொடுத்து, "வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி வைடா" அப்படின்னு சொல்லிட்டுக் கிளம்பிடறோம். கூடவே, "ஓடாத வண்டிக்கு எதுக்கு இன்சூரன்ஸ்? வந்து போட்டுக்கலாம்" அப்படின்னு ஒரு யோசனையும் வரும்.

இந்த ரெண்டுமே தப்பான சேமிப்பு. ஏன்னு இந்தப் பதிவுல கணக்கோட பார்ப்போம். சென்னையில மாசச் சம்பளம் வாங்குற ஒருத்தர், தன்னோட பெட்ரோல் காரை 6 மாசம் அப்பார்ட்மெண்ட் பார்க்கிங்ல விட்டுட்டுப் போறார்னு எடுத்துக்குவோம். ரூபாய் கணக்கெல்லாம் உதாரணம்தான். உங்க வண்டிக்கு, உங்க ஊர் விலைக்குத் தகுந்த மாதிரி எண்களை மாத்திப் போட்டுக்கோங்க.

முதல் கேள்வி: வெச்சுக்கலாமா, வித்துடலாமா?

வண்டியைத் தயார் பண்றதுக்கு முன்னாடி இந்தக் கணக்கை முடிச்சிடணும். நின்ன வண்டிக்கு எவ்வளவு செலவு ஆகும்?

வண்டியோட ஷோரூம் விலை 8 லட்சம், வயசு 3 வருஷத்தை நெருங்குதுன்னு வைங்க. இன்சூரன்ஸ்ல வண்டி மதிப்பைக் கணக்கிட ஒரு தேய்மான அட்டவணை இருக்கு. 2 வருஷம் தாண்டி 3 வருஷம் வரைக்கும் 30 சதவீதம் கழிப்பாங்க. 3 தாண்டி 4 வரைக்கும் 40 சதவீதம். அதாவது மதிப்பு 5.6 லட்சத்துல இருந்து 4.8 லட்சத்துக்கு இறங்குது. வருஷத்துக்கு 80,000. அரை வருஷத்துக்கு 40,000. வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடுச்சுன்னு இந்த அட்டவணை கேக்கறதே இல்ல, கவனிச்சீங்களா? வயசு ஏறினா மதிப்பு இறங்கும், அவ்வளவுதான். சந்தை விலை இதுக்குக் கொஞ்சம் முன்ன பின்ன இருக்கலாம், ஆனா போற திசை இதுதான்.

அடுத்து கார் லோன். பாக்கி 4 லட்சம், வட்டி 9 சதவீதம், இ.எம்.ஐ. 12,000 ரூபாய். 6 மாசத்துல 72,000 கட்டுவீங்க. அதுல வட்டி மட்டும் சுமார் 17,000. மீதி அசல் உங்க கடனைத்தான் குறைக்குது, அதனால அதைச் செலவுல சேர்க்கக் கூடாது.

இன்சூரன்ஸ் வருஷத்துக்கு 12,000ன்னா, அரை வருஷத்துக்கு 6,000. பார்க்கிங் வாடகை மாசம் 1,000ன்னா இன்னொரு 6,000.

கூட்டிப் பாருங்க: 40,000 + 17,000 + 6,000 + 6,000 = 69,000 ரூபாய். மாசத்துக்கு 11,500. ஒரு கிலோமீட்டர் கூட ஓட்டாம ஆகுற செலவு இது.

"அய்யோ, அப்போ வித்துடலாமே!" அப்படின்னு அவசரப்படாதீங்க. திரும்பி வந்து அதே 8 லட்ச ரூபாய் வண்டியைப் புதுசா எடுத்தா, தமிழ்நாட்டுல ஆயுள் வரி மட்டுமே 13 சதவீதம், அதாவது 1,04,000 ரூபாய். அதோட பழைய வண்டியை விக்கும்போது டீலருக்குப் போற லாபம், பதிவுச் செலவு எல்லாம் இருக்கு.

1,04,000 ரூபாயை 11,500-ஆல வகுத்தா 9 மாசம் வருது. மத்த செலவையும் சேர்த்தா கிட்டத்தட்ட ஒரு வருஷம். ஆக, இந்த உதாரணத்துல 6 மாசம், 8 மாசம்னா வெச்சுக்கறதுதான் லாபம். ஒன்றரை வருஷம், ரெண்டு வருஷம்னா விக்கறதுதான் புத்திசாலித்தனம். திரும்பி வந்து செகண்ட் ஹேண்ட் வண்டிதான் எடுப்பேன்னு சொல்றவங்களுக்கு இந்த எல்லை இன்னும் சீக்கிரமே வந்துடும்.

சரி, வெச்சுக்கறதுன்னு முடிவு பண்ணிட்டோம். இப்போ மிச்சம் இருக்கற வேலை, இந்த 69,000 மேல இன்னொரு பெரிய பில் ஏறாம பார்த்துக்கறது.

இன்சூரன்ஸை மட்டும் விட்டுடாதீங்க

இதுலதான் நிறைய பேர் மாட்டிக்கறாங்க. புது கார் வாங்கும்போது 3 வருஷத்துக்கு தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம். ஆனா நம்ம வண்டிக்கு ஆகுற சேதத்துக்கான பகுதி, அதாவது ஓன் டேமேஜ், பெரும்பாலும் 1 வருஷத்துக்குத்தான் இருக்கும். பாலிசியில ரெண்டு தேதி போட்டிருக்கும். நாம பெரிய தேதியைப் பார்த்துட்டு "இன்னும் ரெண்டு வருஷம் இருக்கே" அப்படின்னு நிம்மதியா கிளம்பிடுவோம். நடுவுல ஓன் டேமேஜ் முடிஞ்சு போயிருக்கும்.

நிக்கற வண்டிக்கு என்ன ஆகப் போகுதுன்னு கேக்கறீங்களா? நிக்கற வண்டிக்கு விபத்து வாய்ப்பு குறைவு, உண்மைதான். ஆனா திருட்டு, தீ, வெள்ளம், மரம் விழறது, இதெல்லாம் நிக்கற வண்டிக்கும் வரும். இதுக்கெல்லாம் தேர்ட் பார்ட்டி பாலிசியில ஒரு பைசா கிடைக்காது.

அடுத்து நோ கிளெய்ம் போனஸ். கிளெய்ம் பண்ணாத ஒவ்வொரு வருஷத்துக்கும் ஓன் டேமேஜ் பிரீமியத்துல தள்ளுபடி ஏறும்: 20, 25, 35, 45, கடைசியா 50 சதவீதம். பாலிசி முடிஞ்சு 90 நாளுக்குள்ள புதுப்பிக்கலைன்னா மொத்தமும் போயிடும். திரும்ப பூஜ்ஜியத்துல இருந்து ஆரம்பிக்கணும்.

கணக்கு போடுவோம். ஓன் டேமேஜ் பிரீமியம் 10,000. உங்களுக்கு 50 சதவீதம் போனஸ் இருக்கறதால 5,000தான் கட்டறீங்க. நீங்க ஊருக்குப் போன முதல் மாசமே பாலிசி முடியுது, 5 மாசம் புதுப்பிக்காம விடறீங்கன்னு வைங்க. மிச்சம் ஆகறது சுமார் 2,000 ரூபாய்.

திரும்பி வந்து கட்டும்போது, போனஸ் இல்லாம 10,000. அடுத்த வருஷம் 8,000. அப்புறம் 7,500, 6,500, 5,500. ஒவ்வொரு வருஷமும் 5,000 கட்டியிருக்க வேண்டியவர் நீங்க. 5 வருஷத்துல கூடுதலா கட்டினது 12,500 ரூபாய். 2,000 மிச்சம் பண்ணப் போய் 12,500 நஷ்டம்! இதுல பாலிசி இல்லாத 5 மாசத்துக்கு வண்டி முழுக்க உங்க ரிஸ்க்ல நின்னதைக் கணக்குல சேர்க்கவே இல்ல. பாலிசி விட்டுப் போன வண்டியைப் புதுப்பிக்கறப்போ கம்பெனி வண்டியை நேர்ல பார்க்கணும்னும் கேக்கும்.

அதனால கிளம்பறதுக்கு முன்னாடி:

- ஓன் டேமேஜ் முடியற தேதியைப் பாருங்க. நீங்க இல்லாத நேரத்துல முடியுதுன்னா, முன்கூட்டியே புதுப்பிக்க முடியுமான்னு கேளுங்க. இல்லன்னா காலண்டர்ல ரிமைண்டர் போடுங்க.
- ஓ.டி.பி. வர்ற இந்திய நம்பரை ரீசார்ஜ் பண்ணி உயிரோட வைங்க. பல பேருக்குப் புதுப்பித்தல் தவறிப் போறதுக்கு இதுவே காரணம்.
- பிரீமியத்தைக் குறைக்க நேர்மையான வழி ஒண்ணு இருக்கு. ஓட்டற தூரத்துக்குத் தகுந்த மாதிரி பிரீமியம் கட்டற ஆட்-ஆனுக்கு 2022 ஜூலையில ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அனுமதி கொடுத்தது. வருஷத்துல பாதி நாள் வண்டி நிக்கப் போகுதுன்னா, புதுப்பிக்கும்போது இதைக் கேட்டுப் பாருங்க.
- ரெண்டு சாவியும் எங்க இருக்குன்னு தெளிவா இருக்கட்டும். வண்டி திருடு போனா கிளெய்முக்கு ரெண்டு சாவியையும் கேப்பாங்க. ஸ்பேர் சாவியையோ அசல் ஆர்.சி.யையோ வண்டிக்குள்ள வைக்காதீங்க.

"வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணு" - இது உதவி இல்ல

இதைக் கேட்டா பல பேருக்கு ஆச்சரியமா இருக்கும். நின்ன இடத்துல 5 நிமிஷம் இன்ஜினை ஓட விடறது, சும்மா விடறதை விட மோசம்.

காரணம் ரொம்ப சிம்பிள். ஸ்டார்ட் பண்றப்போ ஸ்டார்ட்டர் மோட்டார் பேட்டரியில இருந்து பெரிய அளவுல கரண்ட்டை இழுக்கும். ஐட்லிங்ல 5 நிமிஷம் ஓடினா அது முழுசா திரும்பி ஏறாது. பெட்ரோல் எரியும்போது நீராவியும் வரும். இன்ஜின் நல்லா சூடானாத்தான் அது வெளிய போகும். 5 நிமிஷத்துல சூடு ஏறாது, அதனால ஈரம் ஆயில்லயும் சைலன்ஸர்லயும் தங்கிடும். டயரும் நகரலை, பிரேக்கும் வேலை செய்யலை. பெட்ரோல் செலவு மட்டும் மிச்சம்.

அதனால ரெண்டுல ஒண்ணைத் தேர்ந்தெடுங்க.

முதல் வழி, ஓட்ட ஆள் இருக்கு. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை 20-30 நிமிஷம், ஏ.சி. போட்டு, ரோட்டுல நல்லா ஓட்டிட்டு வந்து நிறுத்தணும். அவருக்குச் செல்லுபடியாகுற லைசென்ஸ் இருக்கணும். லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டி விபத்து ஆனா, இன்சூரன்ஸ் இருந்தும் பணம் உங்க தலையில விழ வாய்ப்பு இருக்கு. புகைச் சான்றிதழும் நடப்புல இருக்கணும். இந்த வழியில பேட்டரியைக் கழட்ட வேண்டாம், மத்த வேலைகள்ல பாதி தேவைப்படாது.

ரெண்டாவது வழி, ஆள் இல்ல. அப்போ வண்டியை முறையா தூங்க வெச்சுடுங்க. நடுவுல யாரும் எழுப்ப வேண்டாம்.

தூங்க வைக்கறது எப்படி?

1. சர்வீஸ். ஓடின இன்ஜின் ஆயில்ல ஈரமும் அமிலமும் கலந்திருக்கும். மாத்தற நேரம் நெருங்கிடுச்சுன்னா, வந்து பார்த்துக்கலாம்னு தள்ளாம கிளம்பறதுக்கு முன்னாடியே மாத்துங்க. வாரண்ட்டி இருக்கற வண்டின்னா இன்னொரு விஷயம்: சர்வீஸ் கெடு கிலோமீட்டர், மாசம் ரெண்டுல எது முதல்ல வருதோ அதுதான். வண்டி ஓடலைங்கறதுக்காக கெடு தள்ளிப் போகாது.

2. பெட்ரோல். டேங்கை நிரப்பி வைங்க. டேங்க் காலியா இருந்தா உள்ள இருக்கற காத்துல உள்ள ஈரம் பெட்ரோல்ல சேரும். இப்போ பங்க்ல வர்றது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கற குணம் உள்ளது. சென்னை மாதிரி கடலோர ஊர்ல இதை லேசா எடுத்துக்கக் கூடாது. நிரப்பிட்டு ஒரு 10 கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து நிறுத்துங்க. இந்த 3,500, 4,000 ரூபாய் செலவு இல்ல, வந்ததும் ஓட்டப் போற பெட்ரோல்தான்.

3. பேட்டரி. லாக் பண்ணி வெச்ச வண்டியும் அலாரம், கடிகாரம், கம்ப்யூட்டர்னு கொஞ்சம் கரண்ட் இழுத்துக்கிட்டே இருக்கும். 40 மில்லி ஆம்பியர்னு வெச்சாலும் ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 1 ஆம்பியர்-அவர். 35 ஆம்பியர்-அவர் பேட்டரி 35 நாள்ல காலி. அதுக்கு ரொம்ப முன்னாடியே ஸ்டார்ட் ஆகற சக்தி போயிடும். லெட்-ஆசிட் பேட்டரி காலியா கிடந்தா உள்ள தகடுல சல்பேட் படிஞ்சு, திரும்ப சார்ஜ் ஏத்தினாலும் பழைய நிலைக்கு வராது. புதுசுக்கு ஒரு 5,000 ரூபாய் எடுத்து வைக்கணும்.

தீர்வு, ஒரு ஸ்பேனர். நல்லா சார்ஜ் இருக்கற நிலையில நெகட்டிவ் டெர்மினலை மட்டும் கழட்டி, அது திரும்பத் தொடாதபடி துணி சுத்தி வைங்க. இதுக்கு அப்புறம் ரிமோட் லாக் வேலை செய்யாது, அதனால சாவி கையில இருக்கும்போதே கதவைப் பூட்டுங்க. அலாரமும் ஜி.பி.எஸ். ட்ராக்கரும் நின்னு போகும். அதனால கேட், வாட்ச்மேன் இருக்கற இடத்துலதான் இதைச் செய்யணும்.

4. டயர். பல மாசம் ஒரே இடத்துல நின்னா, தரையில படற பகுதி தட்டையாகும். வழக்கமா வைக்கறதை விட 3 முதல் 5 பி.எஸ்.ஐ. கூடுதலா காத்து அடிங்க, ஆனா டயர் பக்கவாட்டுல போட்டிருக்கற அதிகபட்ச அளவைத் தாண்டக் கூடாது. ஸ்டெப்னியையும் மறக்காதீங்க. வந்ததும் காத்தைப் பழைய அளவுக்குக் குறைச்சிட்டு ஓட்டணும்.

5. ஹேண்ட் பிரேக். போடாதீங்க! மாசக்கணக்குல இழுத்து வெச்சா பிரேக் ஷூ டிரம்மோட ஒட்டிக்கும். சமதரையில நிறுத்தி, கியர்ல போட்டு (ஆட்டோமேட்டிக்னா பி-யில), டயருக்கு முன்னாடியும் பின்னாடியும் செங்கல்லோ மரக்கட்டையோ முட்டுக் கொடுங்க.

6. கழுவறது. பறவை எச்சம், சேறு இதெல்லாம் பெயிண்ட்டை அரிக்கும். கழுவிட்டு உடனே மூடிடாதீங்க. ஒரு ரவுண்டு ஓட்டி பிரேக்கை எல்லாம் காய வெச்சு, அப்புறம் நிறுத்துங்க. அந்தக் கடைசி 5 நிமிஷம் ஏ.சி.யை அணைச்சிட்டு ஃபேனை மட்டும் ஓட விடுங்க. உள்ள இருக்கற ஈரம் காய்ஞ்சா, வந்து திறக்கும்போது பூசணம் பிடிச்ச நாத்தம் வராது.

7. எலி. நம்ம ஊர்ல நின்ன வண்டிக்கு முதல் எதிரி இதுதான். பிஸ்கட் துகள், சிப்ஸ் கவர் எதுவும் சீட்டுக்கு அடியில இருக்கக் கூடாது. பானெட் உள்ள புகையிலையோ எலி விரட்டி ஸ்ப்ரேயோ வைக்கலாம், ஆனா அதோட வாசனை 6 மாசம் தாங்காது. மாசம் ஒரு தடவை யாராவது பானெட்டைத் திறந்து பார்த்து, மாத்தி வெச்சா நல்லது. குப்பைத் தொட்டிக்குப் பக்கத்துல நிறுத்தறதைத் தவிருங்க. வயரிங் கடிபட்டா பில் ஆயிரத்துல ஆரம்பிச்சு பத்தாயிரங்களுக்குப் போகும்.

8. கவர். பிளாஸ்டிக் மாதிரி மூச்சு விடாத கவர் ஈரத்தை உள்ளயே பிடிச்சு வைக்கும். காத்து போய் வர்ற துணிக் கவர் வாங்குங்க. தூசி மேல கவர் போட்டா அதுவே உப்புத்தாள் மாதிரி தேய்க்கும், அதனால கழுவின வண்டி மேலதான் போடணும்.

எலெக்ட்ரிக் கார் வெச்சிருக்கறவங்களுக்கு ஒரு வரி: பெரிய பேட்டரியை 100 சதவீதமாவோ, காலியாவோ விடாதீங்க. பாதி அளவுல விட்டு, மீதிக்கு மேனுவல் சொல்றதைக் கேளுங்க.

எங்க நிறுத்தறோம்ங்கறதும் பணம்தான்

அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் நீங்க ஊர்ல இருக்க மாட்டீங்கன்னா, பேஸ்மெண்ட் பார்க்கிங் வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் சென்னைக்காரங்க மறந்திருக்க மாட்டாங்க. மேடான இடத்துல இருக்கற சொந்தக்காரங்க வீடு, மேல் மாடி பார்க்கிங், ஊர்ல அப்பாவோட கார் ஷெட், எது கிடைச்சாலும் நல்லது. ரோட்டோரம் மட்டும் விட்டுட்டுப் போகாதீங்க.

சாவி வெச்சிருக்கறவர்கிட்ட ஒரே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லுங்க: "தண்ணி ஏறியிருந்தா ஸ்டார்ட் பண்ணாதீங்க. எனக்கு போன் பண்ணுங்க." தண்ணி புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி அது உடைஞ்சா, இன்ஜின் ப்ரொடெக்ட் ஆட்-ஆன் இல்லாத பாலிசியில அந்தச் செலவு பொதுவா கிடைக்காது. அசோசியேஷனுக்கும் வண்டி நம்பர், உங்க நம்பர், சாவி யார்கிட்ட இருக்கு, இதை எழுதிக் கொடுத்துடுங்க.

மொத்தம் எவ்வளவு?

கழுவி உள்ள சுத்தம் பண்ண 1,000, நல்ல துணிக் கவர் 1,500, எலிக்கு 500, சில்லறைச் செலவு 200. மொத்தம் 3,200 ரூபாய். இதைச் செய்யாம விட்டா பேட்டரி 5,000, டயர் தட்டையானா நாலுக்கும் 20,000, வயரிங் தனி.

இன்னும் சின்னச் சின்ன விஷயம். ஃபாஸ்டேக் வருஷ பாஸை கிளம்பற நேரத்துல புதுப்பிக்காதீங்க. வண்டி நின்னாலும் அதோட ஒரு வருஷம் ஓடிட்டுதான் இருக்கும். இ.எம்.ஐ. போற அக்கவுண்ட்ல 6 மாசத்துக்கான பணம் இருக்கட்டும். சம்பளம் வேற அக்கவுண்ட்டுக்கு மாறி, இங்க இ.எம்.ஐ. பவுன்ஸ் ஆனா அபராதமும் போகும், கிரெடிட் ஸ்கோரும் இறங்கும்.

திரும்பி வந்த அன்னிக்கு ஆசையா உடனே ஹைவேல ஏறிடாதீங்க. பானெட்டைத் திறந்து எலிக்கூடு, ஆயில், கூலன்ட் பாருங்க. டெர்மினலை மாட்டுங்க, டயர் காத்தைச் சரி பண்ணுங்க. முதல் சில தடவை பிரேக் பிடிக்கும்போது டிஸ்க்ல படிஞ்ச துரு உரசற சத்தம் வரும், கொஞ்ச தூரத்துல போயிடணும். புகைச் சான்றிதழ் முடிஞ்சிருந்தா அதை முதல்ல எடுங்க. அது இல்லாம ஓட்டினா 10,000 ரூபாய் வரைக்கும் அபராதம் போட சட்டத்துல இடம் இருக்கு.

இது எல்லாத்தையும் ஒரே நாள்ல செய்ய வேண்டாம். இன்னிக்கு ஒரே ஒரு வேலை மட்டும் பண்ணுங்க: உங்க பாலிசி பி.டி.எஃப்.-ஐத் திறந்து, ஓன் டேமேஜ் எப்போ முடியுதுன்னு பாருங்க. ஊருக்குப் போறவங்க மட்டும் இல்ல, எல்லாருமே.